சம்பந்திக்கு, அந்த முப்பத்திரண்டு டிக் பற்றி

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் அதே அளவு சுகமாக இருக்க வேண்டும். எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது என் கடமை, விசாரித்துவிட்டேன். ஐந்து மாதமாக நான் உங்களோடு பேசவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. அதனால்தான் போனில் கூப்பிடாமல் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் பேசினால் நடுவில் நீங்கள் ஒரு 'ம்' போடுவீர்கள். அந்த 'ம்' எனக்கு ஆகாது.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். நம் பேத்தி மகாராணி போன விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது, அவள் செய்வதையெல்லாம் நீங்கள் ஒரு நீல அட்டை நோட்டில் குறித்து வைத்தீர்களே, அந்த நோட்டு எனக்கு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், நோட்டு மட்டும் வந்தால் போதும். இதோடு நான் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் காரணம் சொல்லாவிட்டால் நீங்கள் எதையும் கையைவிட்டுக் கொடுக்க மாட்டீர்கள். முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவர், எல்லைக்கல் எங்கே என்று கேட்காமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டீர்கள். ஆகையால் காரணத்தையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு ஃபாரம் வரும். மகாராணி மாதிரி, பேச்சு தாமதமாக வருகிற, கைப்பிடி தளர்ந்த குழந்தைகளுக்கு அடுத்த வருஷம் என்ன சொல்லிக்கொடுப்பது, யார் பக்கத்தில் உட்காருவது என்று திட்டம் போடுவதற்காக, வீட்டில் அவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்கிற ஃபாரம். உங்களுக்கும் ஒன்று வந்தது, அவள் உங்கள் வீட்டிலும் தங்குகிறவள் என்பதால். முப்பத்திரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம். 'தானாகச் செய்கிறாள்', 'உதவியோடு செய்கிறாள்', 'இன்னும் செய்யவில்லை.' என் மகனும் உங்கள் மகளும் காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள். "அத்தை, நாள் முழுக்க அவகூட இருக்கிறது நீங்கதான், நீங்களே டிக் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, கீழே கையெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட்டு உங்கள் மகள் போய்விட்டாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐந்து வகுப்பிலும் முதல் மாணவி, இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். முதல் கட்டத்தில் டிக் விழுந்தால் நூறு மார்க், நடுக்கட்டம் என்றால் ஐம்பது, கடைசிக் கட்டம் என்றால் முட்டை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. என் பேத்தி முட்டை வாங்குவதா? பேனாவை எடுத்தேன், முப்பத்திரண்டையும் முதல் கட்டத்தில் வரிசையாகப் போட்டேன். ஒரு டிக்குகூட கோட்டைத் தாண்டவில்லை. தள்ளி வைத்துப் பார்த்தபோது, பறவைகள் வரிசையாகப் பறந்து போவது போல அழகாக இருந்தது.

அதே வாரம் நீங்கள் நிரப்பிய ஃபாரமும் தபாலில் இங்கே வந்தது, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி. பிரித்துப் பார்த்தேன். பார்த்தது தப்புதான். 'சட்டைப் பொத்தான் இரண்டு: பதினான்கு நிமிஷம். மூன்றாவது பொத்தான்: குழந்தை தூங்கிவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். 'ஷூ: இடது வலது தெரியவில்லை, ஒன்பது முறை பார்த்தேன்.' முதல் கட்டத்தில் ஒரு டிக்கும் இல்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம். உடனே போன் போட்டு, "நெலத்தை அளந்த கையால எங்க புள்ளைய அளக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் வைப்பதற்குள் நீங்கள் ஒரு 'ம்' மட்டும் சொன்னீர்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது, இப்போது எழுதுகிறேன். உங்கள் ஃபாரம் துவைக்கிற வாளியில் தவறி விழுந்துவிட்டதாக உங்கள் மகளிடம் சொன்னேன். அது விழவில்லை. நான்தான் விட்டேன். மை கரைந்து மேலே வந்தது. நீலமாக, புகை மாதிரி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தது. மகாராணி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாய் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். உங்கள் எழுத்து தண்ணீரில் மிகவும் நன்றாக இருந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், அழகுக்காக அல்ல, வாளிக்காக.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பரிசு தரப் போகிறார்கள் என்று நினைத்து நல்ல துணி உடுத்திக்கொண்டு போனேன். உங்கள் மகளும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். மகாராணிக்குத் திட்டம் போடுகிற சிறப்பு டீச்சர் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், குழந்தைகள் உட்காருகிற நாற்காலி. எங்களுக்கும் அதே உயரத்தில்தான் போட்டார். உட்கார்ந்ததும் என் முழங்கால் என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"பாட்டி, இதை நிரப்பினது யாரு?"

"நான்தான்."

"ஷூ லேஸ் தானா கட்டிக்குவாளா?"

"ஓ, கட்டிக்குவாளே."

"முடிச்சு யாரு போடுறது?"

"முடிச்சு நான் போடுவேன்."

"அப்ப அவ கட்டலையே, பாட்டி."

"அவ காலு, அவ ஷூ, அவதான் நீட்டுறா. நான் முடிச்சு மட்டும்தான். நீங்க எழுதினா, எழுதினது பேனான்னு யாராவது சொல்வாங்களா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தலை வாரிக்கிறது?"

"சீப்பை எடுத்துக் குடுப்பா."

"சாப்பிடுறது?"

"வாயைத் தானாத்தான் திறப்பா. அதுல நான் தலையிடுறதே இல்ல."

உங்கள் மகள் பக்கத்தில் "அத்தை..." என்றாள். அந்த 'அத்தை'யை அவள் எப்படி இழுத்தாள் என்பதைக் காகிதத்தில் எழுத முடியாது. டீச்சர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாட்டி, இந்த ஃபாரம் மேல ஆபீசுக்குப் போயிடுச்சு. அங்க இருக்கிறவருக்குக் குழந்தையைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும். எல்லாத்தையும் தானா செய்யற குழந்தைக்குத் துணை டீச்சர் எதுக்குன்னு கேட்டிருக்காங்க. அடுத்த மாசத்துலேருந்து அவங்களை வேற ஸ்கூலுக்கு மாத்தறாங்க."

சம்பந்தி, துணை டீச்சர் வருவதற்கு முந்தின வருஷம் நம் குழந்தை எப்படிப் பள்ளிக்கூடம் போய் வந்தாள் என்பது உங்களுக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். சொல்லத் தெரியாமல் ஈரத் துணியோடு வருவாள். டப்பாவைத் திறக்கத் தெரியாமல், காலையில் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அப்படியே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாள். துணை டீச்சர் வந்த பிறகுதான் டப்பா காலியாக வந்தது. அந்த அம்மாவை என்னுடைய முப்பத்திரண்டு டிக்கும் சேர்ந்து ஊரைவிட்டே அனுப்பப் போகிறது. நான் உடனே, "குடுங்க, அடிச்சுத் திருத்திடறேன்" என்று கையை நீட்டினேன். "திருத்தினா, டீச்சர் சொல்லிக்குடுத்து மாத்திட்டாங்கன்னுதான் சொல்வாங்க பாட்டி. நாங்க யாரும் கேக்காம, வீட்ல தானா எழுதி வச்சது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடறோம். அதுக்குள்ள வேணும்" என்றார். எனக்கு அந்த நிமிஷமே வாளி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைத் திருப்பவே இல்லை.

நேற்று சனிக்கிழமை காலை டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். குழந்தை ஷூ போடுவதைப் பார்க்க வேண்டுமாம், யாரும் தொடக் கூடாதாம். நான் சரி என்றேன். சொன்னது வாய்தான், கை அதைக் கேட்கவில்லை, இரண்டு தடவை தானாக நீண்டது. "பாட்டி, கை மேல உட்கார்ந்துக்குங்க" என்றார். உட்கார்ந்தேன். மகாராணி வாசல் பக்கம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஒரு ஷூவை எடுத்தாள். அதற்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு காதில் வைத்துக் கேட்டாள். என்ன கேட்டதோ, தலையை ஆட்டினாள். அதற்குள் கையை நுழைத்து, ஷூவைத் தரையில் நடக்கவிட்டாள், சுவரில் ஏறவிட்டாள், கதவு மூலையில் கொஞ்சம் நிற்கவிட்டாள். எனக்கு முதலில் உள்ளங்கை அரித்தது, அப்புறம் தோள். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, அரிப்பு நின்றுவிட்டது. வெளியே தொட்டித் தண்ணீரில் பட்ட வெயில் மேல் சுவரில் வந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள், நாங்களும் பார்த்தோம். குழாய் சொட்டுகிற சத்தம் ஒன்று ஒன்றாகக் கேட்டது. அந்தக் குழாய் சொட்டுகிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. உங்கள் மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் மகன் குளித்துவிட்டு, துண்டோடு, தலைகூடத் துவட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். எட்டு வருஷமாக நான் இருக்கிற வீடு அது, வேறு யாரோ இருந்துவிட்டுப் போன வீடு மாதிரி அவ்வளவு அமைதியாக, அவ்வளவு பெரிதாக இருந்தது. எதிர்வீட்டுத் தையற்காரி திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஐயையோ, என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் தரையில உட்கார்ந்திருக்கீங்க?"

"ஷூ போட்டுக்கிட்டிருக்கோம்" என்றான் என் மகன்.

"எல்லாருமா?"

"ஆமாக்கா."

கையிலிருந்த துணியோடு அவளும் உட்கார்ந்துவிட்டாள். வெயில் இரண்டு தரைக்கல் தாண்டிப் போயிற்று. மகாராணி கடைசியில் வலது காலை இடது ஷூவில் விட்டாள், அது பாதிக்கு மேல் போகவில்லை. அவள் அழவில்லை. எழுந்து என்னிடம் வந்தாள். என் மடியில் தேடினாள். பின்னால் போய்ப் பார்த்தாள். எனக்கு அடியிலிருந்து ஒரு கையை இழுத்து எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், கொண்டுபோய் ஷூவின் மேல் வைத்தாள். டீச்சர் எழுதிக்கொண்டே, "பார்த்தீங்களா, கேட்டுட்டா" என்றார். சம்பந்தி, அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் செய்து முடித்துவிட்டதால், கேட்கிற வேலையே அவளுக்கு வைக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தையற்காரியிடம் துணி என்ன விலை என்று கேட்டேன். அவள் சொன்னது காதில் விழவில்லை.

ஆகவே உண்மை என்னவென்றால், சட்டை அவள் தானாகப் போடுவதில்லை, நான் தலையை நுழைத்துவிட்டால் கையை அவள் தேடிக்கொள்வாள், அதுவும் வலது கைதான், இடது கை சட்டைக்குள்ளேயே தங்கிவிடும். பல் துலக்குவதில்லை, பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு நிற்பாள், மீதி என் வேலை. கழிவறைக்குக் கேட்க மாட்டாள், நான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு தூக்கிக்கொண்டு ஓடுவேன், ஃபாரத்தில் 'தானாகச் சொல்வாள்' என்று போட்டது சுத்தப் பொய், அவள் முகம் சொல்லும், அவள் சொல்ல மாட்டாள், என்னைத் தவிர அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் துணை டீச்சர் ஒருவர்தான். சாப்பாட்டை நான் ஊட்டுகிறேன், எட்டு வயசு. ரோட்டில் கையை விட்டால் நின்ற இடத்திலேயே நிற்பாள், வண்டி வந்தாலும் நகர மாட்டாள், வண்டியைப் பார்த்துச் சிரிப்பாள். 'பெயர் கேட்டால் சொல்வாள்' என்றும் போட்டேன். யாராவது கேட்டால் அவள் என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். இந்த இடத்தில் எழுத்து கோணியிருந்தால், பேனாதான் சரியில்லை. தானாகச் செய்வது என்று நிஜமாகவே மூன்று உண்டு: கதவைச் சாத்துவாள், விளக்கு ஸ்விட்சைப் போடுவாள், யார் அழுதாலும் பக்கத்தில் போய் உட்காருவாள். இந்த மூன்றாவது அந்த முப்பத்திரண்டில் இல்லவே இல்லை, இதைக் கேட்காத ஃபாரம் என்ன ஃபாரம் என்று டீச்சரிடமே கேட்கப் போகிறேன்.

பொத்தானுக்குப் பதினான்கு நிமிஷம் என்று நீங்கள் எழுதியது சரி. அன்றைக்கு நான் அதைப் படித்துக் குழந்தையைக் கேவலப்படுத்துகிறீர்கள் என்று நினைத்தேன். நேற்றைக்குக் கை மேல் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பதினான்கு நிமிஷம் நீங்கள் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். ஒன்பது முறை ஷூவுக்கும் அப்படியே. அந்த முழங்காலோடு, தரையில். அதனால் அந்த நோட்டு வேண்டும். இதற்கு மேல் கெஞ்சுவது என் வழக்கமில்லை, மேலே எழுதியதிலேயே கொஞ்சம் கெஞ்சல் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நூறு வயசு இருந்து, இந்தக் குழந்தை தன் பெயரைத் தன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும். உங்கள் மூட்டுக்கு நல்லெண்ணத்தோடு என் பங்கு வலியையும் விட்டுக்கொடுக்கிறேன், வேண்டுமானால் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை தபாலில் போடச் சொல்லி உங்கள் மகளிடம் கொடுத்தேன். அவள் பஸ்ஸில் பிரித்துப் படித்திருக்கிறாள். மாமியார் கடிதத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். "அப்பா ஃபாரத்தை நீங்க பிரிச்சீங்களே அத்தை" என்கிறாள், உங்கள் மகள்தானே. படித்துவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். டீச்சர் தலைமை ஆசிரியையிடம், தலைமை ஆசிரியை மேல் ஆபீசுக்கு. அந்த ஆபீஸ்காரர், வாளி உட்பட முழுவதும் படித்துவிட்டு, "இப்படி ஒரு கடிதத்தை யாரும் சொல்லிக்கொடுத்து எழுத வைக்க முடியாது" என்றாராம். துணை டீச்சர் எங்கும் போகவில்லை, அடுத்த வருஷமும் மகாராணி பக்கத்தில்தான். கடிதத்தில் இப்போது மூன்று முத்திரை இருக்கிறது, உங்களுக்கு வருவது நகல். உங்கள் 'ம்' பற்றி நான் எழுதியது ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆகவே நோட்டு வேண்டாம். மேலே கேட்டது எதையும் கேட்டதாக வைத்துக்கொள்ள வேண்டாம். நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை நீங்கள் வாருங்கள். டீச்சர் புதிதாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார், அதில் கட்டமே கிடையாது. ஒரே ஒரு கேள்வி. 'இந்தக் குழந்தைக்கு என்ன ஆசை?' என் மகன் பொம்மை என்றான். உங்கள் மகள் ஊஞ்சல் என்றாள். நான் பேனாவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். மகாராணியைக் கேட்டோம். அவள் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராக, நிதானமாகப் பார்த்தாள். அதனால் அந்தத் தாளில் 'இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன்.